தாடை இறுகும் வரை

கோப்பைக்குள் இரண்டு விரலை விட்டுப் பெரியவள் முதலில் அப்பாவின் மேல் பல் செட்டை எடுத்தாள், பிறகு கீழ் செட்டை எடுத்தாள். இரண்டையும் உதறினாள். கட்டிலில் அப்பா இறந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. கூடத்தில் தம்பி யாருக்கோ போன் போட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வராமல் "ஹலோ, ஹலோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். குளியலறையில் அம்மா முகம் கழுவும் சத்தம் கேட்டது.

கைக்குட்டையைக் கோப்பைத் தண்ணீரில் நனைத்து, லேசாகப் பிழிந்து, பல் செட் இரண்டையும் அதில் சுற்றினாள். ஸ்வெட்டரின் வலது பையில் போட்டுக்கொண்டாள். கோப்பையைக் கழுவித் துடைத்து, சமையலறை அலமாரியில் மற்றக் கோப்பைகளோடு வைத்தாள். திரும்பி வந்த பிறகுதான் அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். உதடுகள் உள்ளே மடங்கிக் கிடந்தன. மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கப் பார்த்தன. எழுபத்திரண்டு வயது தொண்ணூறாகத் தெரிந்தது.

'இப்படியே கிட' என்று மனசுக்குள் சொன்னாள். சுவர்க் கடிகாரத்தில் காலை ஆறு இருபத்தைந்து.

பல் செட் செய்யும் லேப் ஒன்றில் பதின்மூன்று வருஷமாக அவளுக்கு வேலை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் பதித்து, கடைசியில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் வார்த்து மெருகேற்றுவாள். ஒரு நாள் அந்த லேபுக்கு ஒரு குடும்பம் அழுதுகொண்டே வந்தது. இறந்துபோன பெரியவரின் பல் செட் உடைந்துவிட்டதாம், உடனே ஒட்டித் தர வேண்டுமாம். லேப் முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "எப்ப இறந்தாரு? அஞ்சு மணி நேரம் ஆச்சா? நான் ஒட்டித் தர்றேன், ஆனா போட முடியாது. முதல்ல இறுகறது தாடைதான்" என்றார். அன்றைக்கு அந்தத் தகவல் ஒரு காதில் விழுந்தது. எங்கேயோ பத்திரமாக உட்கார்ந்திருந்து, இன்று காலை எழுந்து வந்தது.

அப்பாவின் செட்டும் அவள் கையால் செய்ததுதான். ஐந்து தடவை திருப்பி அனுப்பினார். முதல் தடவை பல் குட்டையாக இருக்கிறது என்றார். இரண்டாவது தடவை நிறம் மங்கல் என்றார். "என் வயசுக்கு ஏத்த பல்லு எனக்கு எதுக்கு? பாக்கறவங்க வயசுக்கு ஏத்த மாதிரி போடு" என்று சொல்லிக் கண்ணடித்தார். ஐந்தாவது செட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நின்றார். பிறகு அதைக் காட்டுவதற்காகவே வெளியே கிளம்பிப் போனார். நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொல்ல மறந்துபோனார்.

செருப்புக் கடையில் முப்பத்தெட்டு வருஷம் விற்பனையாளராக இருந்தவர். கடையில் அவருக்குச் 'சிரிச்ச முகம்' என்று பேர். வந்தவர்கள் காலடியில் ஒரு முட்டியை மடித்து உட்கார்ந்து, பாதத்தை எடுத்துத் தன் தொடையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். செருப்பு கடித்தாலும் பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் குனிந்து ஒரு துரும்பை எடுத்துப் போட்டதில்லை. அதற்காகச் சண்டை போடவும் முடியாது. கத்த மாட்டார், அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார். தனக்கு என்ன வேண்டுமோ அதைச் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்வார். காற்று வரும் அறை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு. அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த அன்று கடை ஆட்களோடு ஏரிக்கரைக்குச் சுற்றுலா போனார். "நான் இருந்து என்னத்தைப் பண்ணப் போறேன்? கத்தி பிடிக்கறது டாக்டர். நான் அங்க உக்காந்து மூஞ்சியத் தொங்கப் போட்டா கல்லு தானா வெளிய வந்துடுமா?" என்று கேட்டார்.

பெரியவளுக்குப் பல் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. வேறு ஊர், ஐந்து வருஷம், உதவித்தொகையோடு. கையெழுத்து மட்டும் அவர் போட வேண்டும். படிவத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நீ போயிட்டா எனக்குப் பொழுதே போகாதுடா கண்ணு."

அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் ஏதாவது சொல்லியிருந்தால் வாதாடியிருக்கலாம். அவள் அழுதபோது தலையைத் தடவிக்கொடுத்தார். "வீட்டுல ஒருத்தராவது சந்தோஷமா இருக்கணும். நான் சந்தோஷமா இருந்தாத்தான் வீடு சந்தோஷமா இருக்கும், பாத்துக்கிட்டே இரு" என்றார்.

அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அவர் சந்தோஷமாகவே இருந்தார். அதுதான் அவளால் பொறுக்க முடியாதது. கடைசியிலாவது ஒரு நாள் இந்த மனிதர் தவிப்பார், நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து யாரையாவது கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பார் என்று அவள் நினைத்திருந்தாள். மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆரஞ்சு கேட்டார், ரேடியோ கேட்டார், தலையணையைத் தட்டிப் போடச் சொன்னார். பத்து நாளைக்கு முன்னால் ஒரு மதியம், அவள் மருந்து கொடுக்கும்போது கையைப் பிடித்தார். இதோ வருகிறது என்று நினைத்தாள்.

"நான் போயிட்டா பல்லைப் போட்டு விட மறந்துடாத. வாய் உள்ள போன கிழவனா எவனும் என்னைப் பாக்கக் கூடாது. உன்னைத்தான் நம்பியிருக்கேன்" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, அவருக்கே உரிய சிரிப்போடு, "என் மேல கோபமாவே இருக்க. இருபது வருஷமா கோபப்பட்டு என்னத்தைக் கண்ட? ஒரே ஒரு நாள் உன் இஷ்டத்துக்கு எதையாவது செஞ்சு பாரு. நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

சரி என்று தலையாட்டினாள்.

எட்டு மணிக்குப் பெட்டிக்காரர் வந்தார். சவப்பெட்டி, வண்டி, குளிப்பாட்டுவது, உடுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. எல்லோரும் அவரைப் பெட்டிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். அவரும் போனை எடுத்தால் "பெட்டிக்காரர் பேசறேன்" என்றுதான் சொல்வார். ஒல்லியான ஆள். தோல் பையைத் தரையில் வைத்துவிட்டு, அப்பாவின் மோவாயை இரண்டு விரலால் தொட்டு மெதுவாக அசைத்துப் பார்த்தார்.

"பல் செட்டு இருக்குமே? கொடுத்துடுங்க. முதல் வேலை அதுதான்."

"கோப்பையில இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா கட்டிலுக்குப் பக்கத்து மேஜையைப் பார்த்தாள். கோப்பை இல்லை.

"சீக்கிரம் பாருங்கம்மா. இப்பவே கொஞ்சம் பிடிச்சிருக்கு. ஒன்பதரை வரைக்கும் நான் எப்படியாவது சமாளிக்கிறேன். அதுக்கு மேல வாயைத் திறக்கணும்னா உடைச்சுத்தான் திறக்கணும். அந்த வேலைய நான் செய்ய மாட்டேன்."

வீடு தேட ஆரம்பித்தது. தலையணை உறையைக் கழற்றினார்கள். போர்வையை உதறினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த பையைக் கொட்டினார்கள். தம்பி சமையலறைக் குப்பைக்கூடையைக் கவிழ்த்துக் கிளறினான். டெலிவரி வண்டி ஓட்டுகிற, ஆறடி உயரத்து ஆள். வளைந்து கிடந்த ஆரஞ்சுத் தோல் ஒன்றைப் பல் என்று நினைத்து எடுத்து, அது தோல் என்று தெரிந்ததும் அதைக் கையில் பிடித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கி அழுதான். பெரியவள் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். தானும் அலமாரிகளைத் திறந்து மூடினாள். உள்ளே ஏதோ ஒன்று மெல்ல, இதமாக, சூடாகப் பரவிக்கொண்டிருந்தது. அப்பா சொன்னது இதுதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. இன்னொரு அலமாரியைத் திறந்து மூடினாள். ஆமாம், நன்றாகத்தான் இருந்தது.

எட்டரைக்கு அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. வாசலிலேயே அழுது முடித்துவிட்டு உள்ளே வந்தவள், அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அழுகை நின்று அதிர்ந்துபோய்விட்டாள்.

"அண்ணி! அண்ணனோட பல்லு எங்க?"

"காணோம். தேடறோம்."

"காணோமா? எழுந்து நடந்தா போச்சு? அதுக்கு வாய்தான் உண்டு, காலு ஏது?"

"ராத்திரி கோப்பையிலதான் போட்டேன்."

"போட்டது அங்கதானே இருக்கணும். நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினீங்க, ஒரு பல்லைப் பத்திரமா வைக்கத் தெரியலையா? ராஜா மாதிரி இருந்த மனுஷன். மதியம் அந்தக் கடையிலேருந்து எல்லாரும் வருவாங்க. அண்ணனை எந்த லட்சணத்துல வெச்சிருந்தீங்கன்னு எல்லாரும் பாத்துட்டுப் போகட்டும்." பிறகு பெரியவள் பக்கம் திரும்பினாள். "உன் தொழிலே இதுதானேடி? ஸ்பேரா ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கக் கூடாதா?"

"பல்லுக்கெல்லாம் ஸ்பேர் கிடையாது அத்தை."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முட்டியாக மடக்கித் தரையில் இறங்கி, கட்டிலுக்கு அடியில் தலையை விட்டாள். முட்டி வலிக்காக அவள் மாடிப்படி ஏறுவதையே விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கட்டிலுக்கு மேலே அப்பா. கீழே அம்மாவின் பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. குதிகால் வெடித்த பாதங்கள். அத்தை குனிந்து, "மூலையில பாருங்க அண்ணி, அந்த மூலையில" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். அடியிலிருந்து தும்மல் சத்தம் கேட்டது.

பெரியவளுக்குள் பரவிய சூடு அங்கேயே நின்றுவிட்டது. அப்பாவின் பேருக்கு அனுப்பிய தண்டனை அம்மாவின் கையில் போய்ச் சேர்ந்திருந்தது. இப்படித்தான் ஆகும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். எதையும் வரிசையாக யோசிக்கிற ஆள் என்று லேபில் அவளுக்குப் பேர். இதை மட்டும் யோசிக்கவில்லை. இந்த வீட்டில் அவர் செய்த எதற்கும் அவர் பொறுப்பேற்றதில்லை, எல்லாவற்றுக்கும் அம்மாதான். செத்த பிறகு மட்டும் எப்படி மாறும்?

மணி ஒன்பது ஐந்து. குளியலறையில் கிடைத்தது என்று சொல்லிவிடலாம். சோப்புப் பெட்டிக்குப் பின்னால் என்று சொன்னால் போதும். அவள் பைக்குள் கையை விட்டாள். ஈரம் கையில் பட்டது. கைக்குட்டையிலிருந்து தண்ணீர் கசிந்து, சாம்பல் நிற ஸ்வெட்டரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஊறியிருந்தது. காய்ந்தால் அக்ரிலிக் கோணும். கோணினால் ஈறில் உட்காராது. அதனால் லேபில் செய்து முடித்த செட்டை ஒரு நாளும் ஈரமில்லாமல் வைக்க மாட்டார்கள். இனி யாருமே போடப் போவதில்லை என்று எடுத்த செட்டையும் அவள் கை அப்படித்தான் நனைத்துச் சுற்றி வைத்திருந்தது. தன் கையை நினைத்தால் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பெட்டிக்காரரை நோக்கி இரண்டடி வைத்தாள்.

அதற்குள் அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து நிமிர்ந்தாள். தலைமுடியில் தூசி. தரையில் உட்கார்ந்த நிலையில் அவள் கண் நேராக மகளின் பைக்குத்தான் வந்தது. அந்த ஈரத் திட்டை அவள் பார்த்தாள். அவசர வேலை என்று மகள் லேபிலிருந்து வீட்டுக்கு எடுத்து வரும் செட்டுகளை, அதே மாதிரி ஈரத் துணியில், எத்தனையோ சாயங்காலம் பார்த்தவள்.

அம்மா கையை நீட்டினாள். மகள் தூக்கிவிட்டாள். எழுந்து நின்றதும் அம்மா தன் தோளில் கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து மகளைச் சுற்றிப் போர்த்தினாள். இடுப்புக்குக் கீழே வரும்படி இழுத்துவிட்டு, முனையை மகளின் கையிலேயே பிடிக்கக் கொடுத்தாள்.

"குளிருது பாரு உனக்கு. போர்த்திக்கோ."

"அம்மா, நான்..."

"டீ போட்டு மாடிக்கு எடுத்துட்டு வா. நான் மேல போய்த் தேடறேன்."

"மாடியிலயா?" என்றாள் அத்தை. "படுக்கையில கிடந்த மனுஷனோட பல்லு மாடிக்கு எப்படிப் போகும்?"

"பெட்ஷீட்டை எல்லாம் ராத்திரி இவதான் மேல கொண்டு போய் வெச்சா. அதுல சுருட்டிக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள் அம்மா. பெட்டிக்காரரிடம், "ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கோங்க" என்று பணிவாகச் சொன்னாள். பிறகு, இரண்டு வருஷமாக ஏறாத படியில், ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு வாங்கி ஏறிப் போனாள்.

டீயோடு பெரியவள் மாடி அறைக்குப் போனபோது அம்மா எதையும் தேடிக்கொண்டிருக்கவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் துணிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் இருந்தன. பேருந்துக்குக் காத்திருப்பவள் போல.

"கதவைச் சாத்து. மணி என்ன?"

"ஒன்பது பதினெட்டு."

"இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று டீயை வாங்கிக்கொண்டாள்.

பெரியவள் பெட்டியின் மறுமுனையில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. கீழே அத்தை தம்பியை விரட்டும் சத்தம் கேட்டது. நாற்காலிகளை இழுத்துப் போட்டுத் தேடுகிறார்கள். அம்மா டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

"நான் கொடுத்துடலாம்னுதான் வந்தேன்மா. அத்தை உன்னைத்தான் திட்டறாங்க."

"திட்டட்டும். புதுசா என்ன?" அம்மா இன்னொரு வாய் குடித்தாள். "அன்னிக்கு என்னை ஸ்ட்ரெச்சர்ல படுக்க வெச்சு, ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ஒரு மணி நேரம் போட்டுட்டாங்க. உள்ள யாருக்கோ முடியலைன்னு. நான் அந்த வராண்டாவையே பாத்துட்டுக் கிடந்தேன். ஏரிக்குப் போனவரு பாதி வழியில மனசு மாறித் திரும்பி வந்துடுவாருன்னு. செருப்புச் சத்தம் கேக்கறப்பெல்லாம் தலையத் தூக்கினேன். நர்ஸ் அதட்டினா, 'ஆடாம படுங்கம்மா'ன்னு."

இதை அம்மா இதுவரை சொன்னதில்லை.

"ஒரு மணி நேரம்" என்றாள் அம்மா. "இன்னிக்கு அவரு காத்துக்கிட்டு இருக்கட்டும்."

காத்திருந்தார்கள். கீழே, முகம் கழுவி, சட்டை மாற்றி, வாய் மட்டும் பாக்கியாக அவரும் காத்துக்கொண்டிருந்தார். அப்பா காத்திருக்கிறார், இவர்கள் போகவில்லை. பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். பக்கத்தில் அம்மாவின் தோளும் குலுங்குவதைக் கண்டதும் முடியவில்லை. வாயைச் சால்வையில் புதைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அவளுக்கு நினைவு தெரிந்து இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அப்பாவுக்கு இது தினமும் கிடைத்திருக்கிறது, காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே கிடைத்திருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு மெல்ல அடங்கியது.

ஒன்பது ஐம்பதுக்கு இறங்கி வந்தார்கள். அம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பெட்டிக்காரர் கடைசியாக ஒரு முறை கட்டைவிரலை மோவாயில் வைத்து அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை.

"அவ்வளவுதான்மா. இனிமே கிடைச்சாலும் பிரயோஜனம் இல்ல."

"என் தப்புதான்" என்றாள் அம்மா, தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி.

மதியம் ஆட்கள் வந்தார்கள். செருப்புக் கடை முதலாளி, அவர் மகன், பழைய விற்பனையாளர்கள், இருபது வருஷமாக அப்பாவிடம் மட்டுமே செருப்பு வாங்கிய வாடிக்கையாளர்கள். உள்ளே வந்து பெட்டியைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் ஒரு நொடி திகைத்தார்கள். ஒருவர் தவறான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்பதுபோல் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். பெரியவள் சுவரோரமாக நின்று அந்தத் திகைப்பை ஒவ்வொன்றாக எண்ணினாள். ஏழு வரை எண்ணினாள்.

அதற்கு மேல் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. பார்த்தவர்கள் யாரும் உள்ளே நிற்கவில்லை. வெளியே போய், வாசலில் கூடி நின்று பேச ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "மேடம், உங்க காலு அழகா இருக்கு, அதுக்கு நான் தள்ளுபடி கொடுக்கணும்னு ஒரு கிழவிகிட்டச் சொன்னாரு பாருங்க!" என்று முதலாளி அப்பாவைப் போலவே முட்டியை மடித்துக் காட்டினார். இன்னொருவர் அவர் சிரிப்பைச் சிரித்துக் காட்டினார். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார், வெள்ளை வெளேரென்ற பல்லோடு. உள்ளே பெட்டியில் இருந்தவரை யாரும் நினைக்கவில்லை. தப்பித்துவிட்டார், இந்த முறையும்.

பெரியவளுக்குக் கோபம் வந்தது. அழக்கூட வந்தது. இருபது வருஷத்தில் ஒரே ஒரு காரியம் செய்தாள், அதுவும் ஆளைத் தவறவிட்டுவிட்டது.

அறையில் இப்போது பெட்டியும் அவளும் அம்மாவும் மட்டும்தான். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழி விழுந்த கன்னம், உள்ளே போன வாய். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கத் தெரியாத ஒரு கிழவரின் முகம்.

"இந்த மனுஷனோட நான் ஒரு நாள்கூடக் குடும்பம் நடத்தல" என்றாள் அம்மா மெதுவாக. பிறகு, "இவரைக் கட்டியிருந்தா நல்லா இருந்திருக்குமோ என்னவோ" என்றாள்.

கையை நீட்டி, அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். மூன்று மணிக்குப் பெட்டியை மூடினார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது மணி ஐந்தாகியிருந்தது. தம்பி அத்தையை அவள் வீட்டில் விட்டு வரப் போனான். போகும்போது அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், "நான் ஏதோ வேகத்துல பேசிட்டேன் அண்ணி" என்றாள். அம்மா, "நீ சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல" என்றாள்.

அப்பாவின் அறையில் கட்டில் காலியாகக் கிடந்தது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அம்மா ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் சால்வையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்தாள்.

"இதை என்ன பண்றதும்மா?"

"கொடு பாப்போம்."

அம்மா பிரித்துப் பார்த்தாள். மேல் செட்டைக் கையில் ஏந்தித் திருப்பினாள். அண்ணத்துக்கு வரும் பக்கத்தை விரலால் தடவினாள். பற்களின் அடியில் ஈறு மாதிரியே செதுக்கி வைத்திருந்த மேடு பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எவ்வளவு சன்னமான வேலை" என்றாள். "இதெல்லாம் நீயா செய்யற?"

"நான்தான்."

திரும்பச் சுற்றி மகளிடம் கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணு கட்டித் தர்றியா?"

பெரியவளுக்குப் புரியவில்லை. "என்னது?"

"பல்லுதான். இடது பக்கம் ஒண்ணுமே இல்ல. வலது பக்கம் ரெண்டோ மூணோ இருக்கு. அதுலதான் மெல்லுறேன்."

"எப்பலேருந்து?"

"அது ஆச்சு, நீ வேலைக்குச் சேந்த வருஷத்துலேருந்து. ஒவ்வொண்ணா."

"ஏம்மா சொல்லல?"

"யாரு கேட்டீங்க?" அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை, கேள்வியாகத்தான் கேட்டாள்.

பதின்மூன்று வருஷத்தில் எத்தனை வாய்களின் அச்சு அவள் மேஜைக்கு வந்திருக்கும்? பேர் தெரியாத, முகம் தெரியாத ஆட்களின் வாய். எந்தப் பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, யார் தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர் என்றுகூட அவளால் சொல்ல முடியும். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற இந்த வாயை அவள் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேஜையில் அவள் முறைத்துக்கொண்டிருந்தது எப்போதும் இன்னொரு முகத்தை.

"டாக்டர்ட்டப் போகணும்மா. அளவு அவர்தான் எடுக்கணும்."

"போவோம். முதல்ல நீ பாரு."

பெரியவள் சமையலறைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். திரும்பி வந்து அம்மாவின் முன்னால் தரையில் முட்டி போட்டாள். பிறகு அது சரிப்படாது என்று எழுந்து பின்பக்கம் போய், அம்மாவின் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டாள். மோவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் மெதுவாகத் திருப்பினாள்.

"அழகா இருக்கணும்னு இல்லடி" என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு. "நல்லாக் கடிக்கணும்."

"சரி. திற."

அம்மா வாயைத் திறந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் திறந்தாள். பெரியவள் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, இடது பக்கக் கடைசியிலிருந்து வெறும் ஈறைத் தடவிக்கொண்டே எண்ணி வந்தாள். அம்மாவின் மூச்சு வெதுவெதுப்பாக விரலில் பட்டுக்கொண்டிருந்தது. பாதியில் எண்ணிக்கை தவறிப்போனது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.